சைக்கிளால் இறங்கினதும் கால் ஓடமாட்டேன் என்கிறது: பிரிக் பயிற்சி எப்படிச் செய்வது?

வெள்ளவத்தை_சில்லு:
ஸ்பிரின்ட் தூர ட்ரையத்லனுக்குத் தயாராகிறேன்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தனியாக ஓடினால் கிலோமீட்டருக்கு 5:30 பிரச்சினையே இல்லை. சைக்கிளுக்குப் பிறகு என்றால் தொடை இறுகிப்போகிறது, மூன்றாவது கிலோமீட்டரில் நடக்க வேண்டி வருகிறது. சைக்கிள் முடிந்த உடனேயே ஓடும் இந்தப் பிரிக் பயிற்சியைக் கிழமைக்கு எத்தனை தரம் செய்ய வேண்டும்? சைக்கிளை எங்கே விட்டுவிட்டு ஓடுவது? சிலர் சப்பாத்தைப் பெடலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குகிறார்களே, அது அவசியமா?

மூன்றாம்_கியர்:
முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் கிலோமீட்டர் 5:30 ஆக இருக்காது, அநேகமாக 5:00–5:10 ஆக இருக்கும். நிமிடத்துக்கு 90 தரம் பெடல் சுற்றிய தாளம் இறங்கிய பிறகும் காலை விட்டுப் போகாது. அடிகள் தானாகவே கெதியாக விழும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்த கண்ணுக்கு ஓட்டம் ஊர்வதுபோலத் தெரியும். காலும் பாரம், கண்ணும் ஏமாற்றும், இன்னும் தள்ளுவீர்கள். மூன்றாவது கிலோமீட்டரில் நடப்பது அதனால்தான்.

பாரத்துக்குக் காரணம் வேறு. சீட்டில் இருக்கும்போது இடுப்பு மடிந்தே இருக்கிறது, முன்தொடைதான் பெரும்பாலும் வேலை செய்கிறது, கால் நிலத்தில் அடிபடுவதில்லை. ஓட்டத்தில் இடுப்பு பின்னால் விரிய வேண்டும், ஒவ்வொரு அடியின் அதிர்வையும் கெண்டைக்கால் வாங்க வேண்டும். தசைகள் அந்த ஒழுங்குக்கு மாறச் சில நிமிடங்கள் எடுக்கும். பழகப் பழக அந்த நேரம் குறையும், முற்றாக இல்லாமல் போகாது.

கிழமைக்கு ஒன்று போதும். 45 நிமிடம் சைக்கிள், அதில் கடைசி 10 நிமிடம் போட்டி வேகம், உடனே 10–15 நிமிட ஓட்டம். முதல் 500 மீட்டரை 5:50இல் பிடித்து வைத்திருந்து பிறகு 5:30க்கு வாருங்கள். ஸ்பிரின்டுக்கு 60 கிலோமீட்டர் சைக்கிள் ஓடிவிட்டு 10 கிலோமீட்டர் ஓடுவதெல்லாம் வீண்; களைத்த காலோடு நெடுநேரம் ஓடினால் குதிநாணும் முழங்காலும்தான் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் ட்ரெயினர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) இருந்தால் இதைவிட நல்லது ஒன்று உண்டு: 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 8 நிமிட சைக்கிளும் 1 கிலோமீட்டர் ஓட்டமுமாக மூன்று சுற்று, இடையில் 3 நிமிடம் மெதுவாக. ஒரே காலையில் மூன்று தரம் மாறிப் பழகலாம். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி 2 நிமிடம் ஒரு கியர் இலேசாக்கி, 90–95இல் சுற்றி, ஒரு தரம் எழும்பி நின்று இடுப்பை நீட்டுங்கள். 110 வரை சுற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இதயத்துடிப்பு ஏறினபடியே இறங்குவீர்கள்.

கரையோரம்:
இடத்தைப் பற்றி. கொழும்புக் கடற்கரையோர மரைன் டிரைவ் என்றால் விடிய 5 மணிக்கே தொடங்குங்கள், முன்னும் பின்னும் லைட் போட்டு. தெஹிவளைப் பக்கம் போகும்போது இடது கைப்பக்கம் ஒழுங்கைகள். ஓட்டோ பார்க்காமல் தலையை நீட்டும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் வரும்போது இடது பக்கம் தண்டவாளமும் கடலும்தான், ஒழுங்கை இல்லை. ஆகவே வேகமான பகுதியைத் திரும்பி வரும்போது வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும், உயரமான ரிம் போட்ட சில்லு அந்த மாதங்களில் வேண்டாம்.

சைக்கிளைத் தெருவில் பூட்டிவிட்டு ஓடாதீர்கள். பூட்டித் திறக்கும் நேரத்தில் கால் ஆறிவிடும், பயிற்சியின் நோக்கமே போய்விடும். ப்ளாட் கார் பார்க்கில் காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி, ஓட்டச் சப்பாத்தையும் தொப்பியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு பேர் என்றால் இன்னும் வசதி: ஒருவர் ஓட மற்றவர் காவல்.

டி2_பித்தன்:
வெறுங்காலோடு இறங்குவது ஸ்பிரின்டில் சில செக்கன்தான் மிச்சம் பிடிக்கும். பழகாமல் செய்தால் விழுவீர்கள். முதலில் இலவசமாகக் கிடைக்கும் நேரத்தை எடுங்கள்:

எலாஸ்டிக் லேஸ். சப்பாத்தைப் போட்டு நின்றபடி இறுக்கத்தைச் சரிசெய்து முடிச்சுப் போடுங்கள். இருந்துகொண்டு இறுக்கினால் ஓடும்போது பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போகும். குதிப்பக்கம் இழுக்கும் வளையம் இல்லாவிட்டால் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். காலுறை இல்லாமல் ஓடுவதென்றால் குதியிலும் பாதத்தின் உட்புறத்திலும் வாஸ்லின், உள்ளே கொஞ்சம் பேபி பவுடர்.

ஒழுங்கு மாறக்கூடாது: சைக்கிளால் இறங்கச் சொல்லிப் போட்டிருக்கும் கோட்டுக்கு முன் இறங்கு, சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடு, சைக்கிளை ராக்கில் (சைக்கிள் தாங்கியில்) மாட்டு, *பிறகுதான்* ஹெல்மெட் கொக்கியைக் கழற்று. மாட்ட முன் கழற்றினால் தண்டனை. சப்பாத்து, கடைசியாகத் தொப்பியும் எண் பட்டியும். அவற்றை ஓடிக்கொண்டே போடலாம். பிளாஸ்டிக் கதிரையை ராக்காக வைத்து 10 தரம் மெதுவாகச் செய்யுங்கள், ஓட்டமே வேண்டாம். பிரிக் நாளில் இதைப் படிக்கப் போனால் இரண்டும் அரைகுறை.

வெறுங்கால் இறக்கம் பழகத்தான் வேண்டும் என்றால்: கோட்டுக்கு 300 மீட்டர் முன்பே சப்பாத்தின் பட்டியைத் தளர்த்தி, ஒரு காலை எடுத்துச் சப்பாத்தின் *மேல்* வைத்து மிதியுங்கள், பிறகு மற்றது. கண் ரோட்டில் இருக்கட்டும், குனிந்து பெடலைப் பார்க்கும்போதுதான் ஹேண்டில் திரும்பும்.

வெள்ளவத்தை_சில்லு:
நன்றி. பார்த்தேன், முதல் கிலோமீட்டர் 5:04! இன்னொன்று: ட்ரெயினரில் அதே முயற்சிக்கு இதயத்துடிப்பு ரோட்டை விட 10 கூட. கோளாறா?

மூன்றாம்_கியர்:
ஃபேன் இருக்கிறதா? ரோட்டில் காற்று வியர்வையை உலர்த்தும். அறைக்குள், அதுவும் கொழும்பு ஈரப்பதனில், அது சொட்டுமே தவிர உலராது. உடம்பு சூடாக, தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் கூட அடிக்கும். பெரிய ஃபேனை நேரே நெஞ்சுக்கு வையுங்கள். 15 நிமிடத்துக்கு 150–200 மில்லிலீட்டர் குடியுங்கள், இறங்க 5 நிமிடத்துக்கு முன் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓடும்போது வயிற்றில் குலுங்கும். ஜீவனி (உடல் நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத் தூள்) கரைப்பதென்றால் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். செறிவாகக் கரைத்தால் வயிறு பிரட்டும்.