பழைய கேட் (கம்ப்யூட்டர்ல வரையற சாஃப்ட்வேர்) லைசன்ஸ விட்டு சந்தாவுக்கு மாறினா ரிஜெக்ட் குறையுமா? பினாங்குல ஜிக், ஃபிக்ஸர் வரையறவங்க சொல்லுங்க

பாயான்லெப்பாஸ்_டிராஃப்டர்:

வணக்கம் எல்லாருக்கும். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு சின்ன கம்பெனில டெஸ்ட் ஃபிக்ஸரும் ஜிக்கும் (பார்ட்ட சரியான இடத்துல பிடிச்சு வெக்கற சாதனம்) வரையற வேலை. எங்ககிட்ட இருக்கறது பழைய சாலிட்வொர்க்ஸ், ஒரே தடவ காசு கட்டி வாங்கினது, மெயின்டனன்ஸ் நிறுத்தி பல வருஷம் ஆச்சு. கஸ்டமர் இப்ப புது வெர்ஷன்ல ஃபைல் அனுப்பறாங்க, எங்க மெஷின்ல திறக்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் ஸ்டெப் ஃபைல் (எல்லா கேட் சாஃப்ட்வேருக்கும் பொதுவான ஃபார்மேட்) கேட்டு வாங்கி ஃபீச்சர் ஒண்ணும் இல்லாத வெறும் 3டி உருவத்த வெச்சு வேலை பாக்கறோம்.

பாஸ் சந்தாவுக்கு மாறலாமான்னு யோசிக்கறாரு. கூடவே, புது சாஃப்ட்வேர் வந்தா க்யூசி (தர சோதனை) ரிஜெக்டும் குறையும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அதுலதான் சந்தேகம். போன மாசம் ஒரு பேஸ் பிளேட், நாலு ஸ்க்ரூ ஓட்டை, ஓட்டை இடத்துக்கு டாலரன்ஸ் (அனுமதிக்கற வித்தியாசம்) பிளஸ் மைனஸ் 0.1 எம்எம் போட்டிருந்தது, சிஎம்எம்ல (துல்லியமா அளவெடுக்கற மெஷின்) ரெண்டு ஓட்டை வெளிய போயிடுச்சுன்னு ரிஜெக்ட். அதே பிளேட்ட சும்மா மாட்டிப் பாத்தா நாலு ஸ்க்ரூவும் கையாலயே இறங்குது. இதுல சாஃப்ட்வேர் எங்க வருது? இன்னொண்ணு, புதுசா வந்த ஐரோப்பா கஸ்டமர் எங்க டைட்டில் பிளாக்ல (டிராயிங்ல இருக்கற விவரக் கட்டம்) இருக்கற ஐஎஸ்ஓ 2768 எம்கே நோட்ட பாத்துட்டு இது இன்னுமா போடறீங்கன்னு கேட்டாரு. அதையும் யாராவது விளக்குங்க.

சிஎம்எம்_ரூம்:

தம்பி, நான் மெட்ராலஜி (அளவெடுக்கற வேலை) பக்கம் வேலை பாக்கற அக்கா, ஓட்டை விஷயத்த மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா இது தினமும் என் டேபிளுக்கு வருது.

எக்ஸ்ல பிளஸ் மைனஸ் 0.1, ஒய்ல பிளஸ் மைனஸ் 0.1ன்னா நீங்க ஓட்டை மையத்துக்கு ஒரு சதுரத்த குடுத்திருக்கீங்க. அந்த சதுரத்தோட மூலைல உக்காந்த ஓட்டை மையத்துல இருந்து 0.141 தள்ளி இருக்கும், அது பாஸ். இன்னொரு ஓட்டை எக்ஸ்ல 0.12, ஒய்ல 0.02 போயிருக்குன்னு வைங்க, மையத்துல இருந்து 0.122தான் தள்ளி இருக்கு, ஆனா அது ரிஜெக்ட். நெருக்கமா இருக்கறது தோத்துப் போகுது, தூரமா இருக்கறது ஜெயிக்குது. ஸ்க்ரூ வட்டமா இருக்கறப்ப டாலரன்ஸ் ஏன் சதுரமா இருக்கணும்? பொசிஷன் டாலரன்ஸ்னு விட்டம் 0.283 போட்டா அந்த சதுரத்த சுத்தி வர்ற வட்டம் கிடைக்கும், பரப்பு கிட்டத்தட்ட 57 சதவீதம் கூடும், மூலைல பாஸ் ஆனது எதுவும் வெளிய போகாது.

இதுக்கும் மேல ஒண்ணு. எம்6 ஸ்க்ரூவுக்கு 6.6 ஓட்டைதானே போடறீங்க? எதிர் பக்கம் டேப் அடிச்ச ஓட்டைன்னா 6.6ல 6 போக மிச்சம் 0.6, அத ரெண்டு பிளேட்டுக்கும் பங்கு போட்டா ஆளுக்கு விட்டம் 0.3 பொசிஷன் வருது. ரெண்டு பிளேட்லயும் கிளியரன்ஸ் ஓட்டை போட்டு நட் போல்ட் மாட்டறதா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் முழு 0.6ம் கிடைக்கும். அதாவது அந்த 0.1 யாரும் கணக்கு போட்டு வெச்ச நம்பர் இல்ல, கை பழக்கத்துல வந்த நம்பர். பெரிய ஓட்டை வந்தா இன்னும் இடம் இருக்குன்னு காட்டற எம்எம்சி குறியையும் சேத்து போடுங்க, ஓட்டை 6.75 வந்திருந்தா 0.15 போனஸ் கிடைக்கும்.

ஃபிக்ஸர்ல இடத்த பிடிச்சு வெக்கறது டௌவல் பின் (ஓட்டைல கச்சிதமா உக்கார்ற உருளை பின்), ஸ்க்ரூ இல்ல. ஸ்க்ரூ இறுக்க மட்டும்தான். அதனால இறுக்கமான டாலரன்ஸ் டௌவல் ஓட்டைக்கு போகட்டும், 6 எம்எம் எச்7 (ஓட்டைக்கான டாலரன்ஸ் வகுப்பு)ன்னா 0லருந்து 12 மைக்ரான் வரைக்கும் கூடலாம், காச அங்க செலவு பண்ணுங்க. ஸ்க்ரூ ஓட்டைய தாராளமா விடுங்க. இத எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்காக யோசிக்காது, வரையறவங்கதான் யோசிக்கணும்.

பட்டர்வொர்த்_மில்லிங்:

அக்கா சொன்னதுல தப்பு இல்ல, ஆனா கடை பக்கம் நடக்கறதையும் சொல்லணும்லா. புக்கிட் மெர்தாஜாம்ல சின்ன மெஷின் ஷாப்ல போய் பொசிஷன் குறி, எம்எம்சி குறி எல்லாம் போட்ட டிராயிங்க நீட்டினா சில பேர் படிக்காமலே விலைய ஏத்திடுவாங்க. பிளஸ் மைனஸ் பாத்தா அவங்களுக்கு பயம் இல்ல. அதனால குறி போட்டா மட்டும் பத்தாது, அந்த ஷாப்காரர்கிட்ட ஃபோன் போட்டு இது லேசானது, இறுக்கம் இல்லன்னு சொல்லணும்.

லைசன்ஸ் விஷயத்துக்கு வர்றேன். ஆட்டோகேட் செய்யற ஆட்டோடெஸ்க் 2016லயே புதுசா நிரந்தர லைசன்ஸ் விக்கறத நிறுத்திட்டாங்க, அப்பறம் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா சந்தா பக்கம் சாய்ஞ்சுட்டே இருக்காங்க. ஆனா ஆட்டோகேடோட டிடபிள்யூஜி ஃபைல் பத்தி ரொம்ப கவலை வேண்டாம், ஆட்டோகேட் 2018ல வந்த ஃபார்மேட்தான் பல வருஷமா மாறாம ஓடிட்டு இருக்கு. சாலிட்வொர்க்ஸ்லதான் இந்த வெர்ஷன் தலைவலி, பழசுல புதுச திறக்க முடியாது. அதுக்கும் 2024ல ஒரு வழி திறந்தாங்க, புது வெர்ஷன்ல இருந்து ரெண்டு வெர்ஷன் பின்னால வரைக்கும் சேவ் பண்ணலாம். உங்க கஸ்டமர் 2025 வெச்சிருந்தா 2023க்கு சேவ் பண்ணி அனுப்பலாம். உங்களுது அதுக்கும் பழசுன்னா இது உதவாது.

எல்லா சீட்டையும் (ஒரு ஆளுக்கான லைசன்ஸ்) மாத்த வேண்டாம். ஒரு சீட் மட்டும் சந்தா எடுங்க, கஸ்டமர் ஃபைல திறக்கறது, சரி பாக்கறது, பின்னால சேவ் பண்ணி மத்தவங்களுக்கு குடுக்கறது அந்த மெஷின்ல நடக்கட்டும். அதுக்கு முன்னால உங்க பழைய வெர்ஷன் எதுன்னு பாத்துக்கோங்க, ரெண்டு வெர்ஷன் கணக்கு அங்கதான் இடிக்கும். சந்தா நின்னுட்டா புது வெர்ஷன்ல பண்ணின வேலைய திறக்க முடியாம போயிடும், அதனால ரிலீஸ் ஆன ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஸ்டெப் ஒண்ணு, பிடிஎஃப் ஒண்ணு தனியா வெச்சுடுங்க, இத இன்னிக்கே ஆரம்பிக்கணும். ஃப்ரீகேட் 1.0 2024 நவம்பர்ல வந்துச்சு, அசெம்பிளி இப்ப உள்ளயே இருக்கு, ஒரு முகத்த மாத்தினா பின்னால எல்லாம் உடையற அந்த பழைய பிரச்சனைய நிறைய சரி பண்ணிட்டாங்க. சின்ன ஜிக்குக்கு நான் பயமில்லாம சொல்லுவேன், பெரிய அசெம்பிளிக்கு சொல்ல மாட்டேன்.

பாயான்லெப்பாஸ்_டிராஃப்டர்:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஸ்க்ரூ டௌவல் விஷயம் படிச்சதும் எங்க பழைய டிராயிங் எல்லாத்தையும் திறந்து பாத்தேன், எல்லாத்துலயும் எல்லா ஓட்டைக்கும் ஒரே 0.1. அந்த 2768 நோட்டுக்கு என்ன பண்றது?

சிஎம்எம்_ரூம்:

அந்த கஸ்டமர் கேட்டது நியாயம்தான். ஐஎஸ்ஓ 2768 ரெண்டு பாகம். முதல் பாகம் நீளத்துக்கும் கோணத்துக்கும், அது இன்னும் இருக்கு, எம்ங்கற வகுப்புன்னா 30லருந்து 120 எம்எம் வரைக்கும் பிளஸ் மைனஸ் 0.3. ரெண்டாவது பாகம்தான் நேர்த்தன்மை, தட்டைத்தன்மை, செங்குத்து இதுக்கெல்லாம், அதுலதான் அந்த கே வருது. அத 2021ல எடுத்துட்டு ஐஎஸ்ஓ 22081ன்னு புதுசு கொண்டு வந்தாங்க. புதுசுல ரெடிமேட் டேபிள் கிடையாது, டேட்டம் (எந்த முகத்துல இருந்து அளக்கணும்ங்கறது) எதுன்னு சொல்லி, உங்க பார்ட்டுக்கு தேவையான மதிப்ப நீங்களே எழுதணும். எனக்கு இது பிடிச்சிருக்கு, ஏன்னா கே போட்டவங்கள்ல நிறைய பேர் அந்த டேபிள ஒரு தடவ கூட திறந்து பாத்திருக்க மாட்டாங்க. பழைய டிராயிங்க எல்லாம் அவசரப்பட்டு மாத்த வேண்டாம், ரிவிஷன் வர்றப்ப மாத்துங்க, புதுச புது முறைல போடுங்க.

பினாங்குல இன்னொரு சிக்கல் இருக்கு, காலைல அமெரிக்கா கஸ்டமர், மத்தியானம் ஜெர்மன் கஸ்டமர். அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏஎஸ்எம்இ ஒய்14.5 படி ஒரு தண்டுக்கு அளவு மட்டும் குடுத்தாலே, அது அதிகபட்ச அளவுல இருக்கறப்ப வளையக் கூடாதுன்னு அர்த்தம். ஐஎஸ்ஓ 8015 படி அளவு வேற, வளைவு வேற, தனித்தனியா சொல்லணும், இல்லன்னா வட்டத்துக்குள்ள E எழுத்து போட்டு கேக்கணும். அதே 10 எம்எம் பின், அதே நம்பர், ஒரு ஊர்ல ரிஜெக்ட், ஒரு ஊர்ல பாஸ். டைட்டில் பிளாக்ல எந்த ஸ்டாண்டர்ட், எந்த வருஷம்னு எழுதாத டிராயிங் என் டேபிளுக்கு வந்தா நான் அளக்கறதுக்கு முன்னால திருப்பி அனுப்பிடுவேன். வருஷமும் முக்கியம், ஏஎஸ்எம்இ 2018 பதிப்புல கான்சென்ட்ரிசிட்டி, சிமெட்ரி ரெண்டு குறியையும் எடுத்துட்டாங்க. ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்ட் ஆங்கிள் சின்னத்தையும் (எந்தப் பக்கத்துப் பார்வைய எங்க வரைஞ்சிருக்குன்னு சொல்றது) விட்டுடாதீங்க, அது இல்லாம கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பி வெட்டின பிளேட் நான் பாத்திருக்கேன்.

கூலிம்_க்யூஏ:

இங்க ரெண்டு விஷயம் யாரும் தொடல. மொதல்ல, அந்த ரிஜெக்ட நம்பறதுக்கு முன்னால அளவெடுக்கற முறைய நம்பலாமான்னு பாருங்க தம்பி. கேஜ் ஆர் அண்ட் ஆர்ல (திரும்பத் திரும்ப அளந்தா அளவு எவ்வளவு ஆடுதுன்னு பாக்கற சோதனை) டாலரன்ஸ்ல 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, 10லருந்து 30 வரைக்கும் யோசிச்சு ஏத்துக்கலாம், 30க்கு மேல போனா அந்த அளவ வெச்சு முடிவெடுக்கக் கூடாது. உங்க டாலரன்ஸ் பட்டை 0.2 எம்எம் அகலம், அளவெடுக்கறதுலயே 0.06 ஆடிச்சுன்னா அங்கயே 30 வந்துடுச்சு. டிஜிட்டல் கேலிபர்ல ஓட்டை இடத்த அளந்து சண்டை போடறவங்களுக்கு இதத்தான் சொல்றேன். அப்பறம் சிபிகே (தயாரிப்பு டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு சீரா வருதுன்னு காட்டற நம்பர்) 1.33 குடுங்கன்னு ஜிக் ரெண்டு பீஸுக்கு யாராவது கேட்டா தைரியமா பேசுங்க, ரெண்டு பீஸ்ல அதுக்கு அர்த்தமே இல்ல. அதுக்கு பதிலா டிராயிங்ல ஒவ்வொரு அளவுக்கும் பலூன் நம்பர் போட்டு, முதல் பீஸ்ல ஒவ்வொரு நம்பரும் என்ன வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. ஸ்டாக்கப்லயும் (அடுக்கின பார்ட்டோட டாலரன்ஸ் எல்லாம் சேந்தா எவ்வளவுன்னு பாக்கற கணக்கு) இதே நியாயம், நாலு பிளேட் அடுக்கு, ஒவ்வொண்ணும் பிளஸ் மைனஸ் 0.1ன்னா மோசமான நிலைல 0.4, வர்க்க மூலக் கணக்குல 0.2. அந்த 0.2 ஆயிரக்கணக்குல செய்யறவங்களுக்கு சரி, ரெண்டு பீஸ் செய்யறவங்க 0.4ஐயே வெச்சுக்கணும்.

ரெண்டாவது டிசைன் எஃப்எம்இஏ, அதாவது டிசைன்ல என்ன தப்பு வரலாம்னு முன்னாலயே யோசிச்சு பாக்கறது. பழைய முறைல பாதிப்பு, எவ்வளவு தடவ வரும், கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம்னு மூணு நம்பர பெருக்கி ஆர்பிஎன்னு ஒரு ரிஸ்க் நம்பர் பாப்போம். 9 பெருக்கல் 2 பெருக்கல் 2ம் 36தான், 3 பெருக்கல் 4 பெருக்கல் 3ம் 36தான், ஆனா முதல்ல இருக்கறது கஸ்டமரோட போர்ட எரிக்கற தப்பு, ரெண்டாவது மூடி கொஞ்சம் உரசற தப்பு. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சா எப்படி? அதனாலதான் 2019ல அமெரிக்க, ஜெர்மன் கார் தொழில் அமைப்புகளான ஏஐஏஜியும் விடிஏவும் சேந்து போட்ட கையேட்டுல ஆர்பிஎன்ன விட்டுட்டு, பாதிப்பு எவ்வளவு பெருசுன்னு முதல்ல பாக்கற ஆக்‌ஷன் பிரயாரிட்டிக்கு மாறினாங்க. ஃபிக்ஸர் வரையறவங்களுக்கு நான் சொல்றது ஒரே ஒரு கேள்வி, இந்த பிளேட்ட 180 டிகிரி திருப்பி மாட்ட முடியுமா? முடியும்னா ஒரு நாள் நைட் ஷிஃப்ட்ல யாராவது மாட்டுவாங்க. டௌவல்ல ஒண்ண 6, இன்னொண்ண 5 போடுங்க, இல்ல ஒண்ண ரெண்டு எம்எம் தள்ளி வைங்க, அதுக்கு மேல யாரும் திருப்பி மாட்ட முடியாது.

பட்டர்வொர்த்_மில்லிங்:

5ம் 6ம் போடறத விட தள்ளி வெக்கறது மேல், ஒரே ரீமர்ல (ஓட்டைய துல்லியமா முடிக்கற டூல்) வேலை முடியும், ஷாப்காரர் ரெண்டு சைஸ் ரீமர் தேட வேண்டாம்.

பாயான்லெப்பாஸ்_டிராஃப்டர்:

இத அப்படியே பாஸ்கிட்ட பேசினேன். ஒரு சீட் மட்டும் எடுக்க ஒத்துக்கிட்டாரு, மிச்ச காசுல எங்களுக்கு டாலரன்ஸ் பயிற்சி ஏற்பாடு பண்றேன்னாரு. அந்த பேஸ் பிளேட்ட டௌவலுக்கு எச்7, ஸ்க்ரூவுக்கு பொசிஷன் 0.3 எம்எம்சின்னு மாத்தி ரிவிஷன் பி போட்டுட்டேன், டௌவல ரெண்டு எம்எம் தள்ளியும் வெச்சாச்சு. கடைசி கேள்வி, புது சீட்ல 3டி மாடல்லயே டாலரன்ஸ் எழுதி ஸ்டெப் ஃபைலோட ஏபி 242ங்கற வகைல அனுப்பினா 2டி டிராயிங் வேண்டாம்னு அந்த ஐரோப்பா கஸ்டமர் சொல்றாரு, அத நம்பி 2டிய நிறுத்தலாமா?

சிஎம்எம்_ரூம்:

இப்ப நிறுத்தாதீங்க தம்பி. ஏபி 242 நல்ல விஷயம், பழைய 203ம் 214ம் உருவத்த கொண்டு போகும், டாலரன்ஸ சிஎம்எம் படிக்கற மாதிரி கொண்டு போறது 242தான், எங்க சாஃப்ட்வேர் அத நேரா இழுத்து ப்ரோக்ராம் எழுத உதவுது. ஆனா ஃபைல எக்ஸ்போர்ட் பண்ணறப்ப டாலரன்ஸ் வெறும் படமா போகுதா, இல்ல அந்த முகத்தோட ஒட்டின டேட்டாவா போகுதான்னு பாக்கணும், பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பார்ட்ட அனுப்பி கஸ்டமரோட சிஎம்எம் அத படிக்குதான்னு கேளுங்க. அது வரைக்கும் ரெண்டையும் அனுப்புங்க, முரண்பாடு வந்தா எது செல்லும்னு பிஓவுலயே (பர்ச்சேஸ் ஆர்டர்) ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க, உங்க மில்லிங் ஷாப்புக்கு எப்பவும் பிடிஎஃப்தான்.