நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகுது: உங்க அனுபவம் சொல்லுங்க

மூணாம் மாடி:
சிப்பிப்பாறை பெண்குட்டி, ஏழு வாரத்துல வந்துச்சு. தடுப்பூசி முடியற வரைக்கும் தெருவுல இறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால பால்கனியில நியூஸ்பேப்பர். அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். எனக்கு மனசுல நிக்கிறது ஒரு ராத்திரி. ஊர்லேருந்து வந்திருந்த பெரியப்பா ஹாலில் ஈரத்தைப் பார்த்தார். குட்டியோட பிடரியைப் பிடிச்சு மூக்கை அதுலயே வச்சுத் தேய்ச்சார். குட்டி கத்தவே இல்ல. காதை மடிச்சு, வயித்தைத் தரையோட ஒட்டிக்கிட்டு, அவர் காலடியில மறுபடி ரெண்டு சொட்டு விட்டுச்சு. "பாத்தியா கொழுப்ப"ன்னார். கொழுப்பு எங்க இருக்கு அதுல? நடுங்கிட்டு இருந்துச்சு. அதுலேருந்து எங்க கண்ணு முன்னாடி போறதே இல்ல. பால்கனியில எவ்வளவு நேரம் நின்னாலும் சும்மா நிக்கும். உள்ள விட்டா கட்டிலுக்கு அடியில போய் முடிச்சிட்டு வருது. யார் வீட்லயாவது இப்படி ஆகி சரியாயிருக்கா?

ராஜபாளையம் வீடு:
நாங்க தாத்தா காலத்துலேருந்து நாய் வளர்க்கிறோம். எல்லாத்துக்கும் மூக்கைத் தேய்ச்சுதான் பழக்கினோம். ஒண்ணு கூட வீட்டுக்குள்ள போனதில்ல. பெரியவரைக் குத்தம் சொல்லாதீங்க.

மண்தொட்டி:
அண்ணே, உங்க வீட்ல கொல்லைக் கதவு எந்நேரமும் திறந்தே இருந்திருக்கும். குட்டி தானா வெளிய போய்ப் பழகிடுச்சு, பேரு மூக்குத் தேய்ப்புக்குப் போயிடுச்சு. மூணு வாரக் குட்டியே படுத்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்தான் மூத்திரம் போகும். அதுக்கு அடி எதுக்கு?

எங்களோடது தெருவுல பிறந்த நாட்டுக்குட்டி. மண்ணுல போயே பழகினது. பேப்பர், டைல்ஸ் எதுலயும் போகாது. முதல் ராத்திரி பூரா அடக்கிக்கிட்டு, வாசக்கதவுக்கும் சமையக்கட்டுக்கும் நடையா நடந்துச்சு. காலையில அம்மா துளசிக்குன்னு வாங்கி வச்சிருந்த தொட்டி மண்ணை ஒரு பழைய தட்டுல கொட்டினாங்க. மோந்து பார்த்துச்சு, ஒரு சுத்து சுத்துச்சு, உக்காந்துடுச்சு. போயிக்கிட்டே எங்க அம்மா முகத்தையே பார்த்துச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் தொண்டை அடைக்குது. ராத்திரி பூரா அது கேட்டது ஒரு பிடி மண்ணு.

மூணாம் மாடி, உங்க குட்டியும் கொட்டில் மண்ணுல இருந்து வந்ததுதானே? மண்ணு வச்சுப் பாருங்க. தெரு மண் மட்டும் வேண்டாம், குட்டிகளுக்கு ரத்தப்பேதி வர வைக்கிற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும்.

அடையாறு அக்கா:
எங்க லாப்ரடார் குட்டி கால்மிதியிலேயே போகும், அதைத் தூக்கினதும் நின்னுச்சு. எனக்கு அவ்வளவுதான் கதை. ஆனா சிலது சொல்லியே ஆகணும்.

மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. அதுகிட்ட கோவிச்சுப் பிரயோஜனமே இல்ல. தூங்கி எழுந்ததும், விளையாடி முடிச்சதும், சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள்ளயும் தூக்கிட்டுப் போங்க. தரையை மோந்துக்கிட்டே சுத்த ஆரம்பிச்சா ஒரு நொடி கூட யோசிக்காதீங்க. முடிச்ச உடனே அதே இடத்துல தீனி குடுங்க. உள்ள வந்து குடுத்தா உள்ள வந்ததுக்குன்னு நினைச்சுக்கும். ராத்திரி நனைக்குதேன்னு தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடாதீங்க. நம்ம ஊர் வெயில்ல அது பாவம்.

அப்புறம் துடைக்கிறது. பினாயில் வாசம் நம்ம மூக்குக்குத்தான் மறைக்கும், நாய் மூக்குக்கு இல்ல. அமோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம், அதோட நெடியே மூத்திரம் மாதிரி இருக்கும், குட்டி அங்கேயே திரும்ப வரும். செல்லப்பிராணிக் கடையில, மூத்திர வாசத்தை அடியோட சிதைக்கிற என்சைம் கிளீனர்னு கேளுங்க. கட்டிலுக்கு அடியில அதைப் போட்டுத் துடைச்சிட்டு, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போக விடாம அட்டை வச்சு அடைங்க. ஒளிஞ்சு போற குட்டிக்குப் பக்கத்துல நின்னு முறைச்சுப் பார்க்காதீங்க. கயிறைத் தளர்வா விட்டுட்டு வேற பக்கம் திரும்பி நில்லுங்க.

வேப்பேரி பக்கம்:
எல்லாரும் பழக்கத்தையே பேசுறீங்க. எங்க பெண்குட்டி கால் மணிக்கொரு தடவை உக்காரும், நாலு சொட்டுதான் வரும். பக்கத்து கிளினிக்ல "வளர்ந்தா சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்க. ஒருநாள் வெள்ளைத் துணியில துடைச்சேன், இளஞ்சிவப்பா ஒட்டுச்சு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். மூத்திரப் பாதையில தொற்று. மருந்து முடிஞ்சதும் வீட்டுக்குள்ள போறதும் நின்னுடுச்சு. அது வரைக்கும் எரிச்சலோட திட்டும் வாங்கிட்டு இருந்திருக்கு அந்தக் குழந்தை. பழக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூத்திரம் டெஸ்ட் பண்ணிடுங்க, ப்ளீஸ்.

மூணாம் மாடி:
டெஸ்ட் பண்ணியாச்சு, தொற்று இல்ல. மண்ணு இன்னைக்கே வாங்கறேன். பெரியப்பா அடுத்த மாசம் மறுபடி வர்றார், அதுதான் பயம்.

ராஜபாளையம் வீடு:
கொல்லைக் கதவு திறந்து இருந்தது உண்மைதான் தம்பி. ஆனா பெரியவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. வந்த அன்னைக்கே குட்டிக்குச் சாப்பாட்டை அவர் கையால வைக்கச் சொல்லுங்க. நின்னுக்கிட்டு வேண்டாம், தரையில உக்காந்து.