மழையே இல்லாமல் கோதுமையில் துரு வருமா?

கேள்வி:
பயிர் தூர் கட்டி முடித்து தண்டு நீளத் தொடங்கிவிட்டது. மழை ஒரு சொட்டு இல்லை. பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிர். காலையில் வயலில் இறங்கினால் முழங்கால் வரை நனைகிற பனி. நடுவில் வட்டமாக ஒரு திட்டு மட்டும் மஞ்சளடித்துக் கிடக்கிறது. தழைச்சத்து போதவில்லை என்கிறார்கள். மழை பெய்யாமல் பூஞ்சாணம் வருமா?

பதில் 1:
இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். சத்துக் குறைவு என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும், விரலில் ஒன்றும் ஒட்டாது.

கேட்டவர்:
ஒட்டுகிறது! மேல் இலைகளில், நரம்பை ஒட்டித் தையல் போட்ட மாதிரி வரிசையாக மஞ்சள் பொடி.

பதில் 2:
மஞ்சள் துரு என்ற பூஞ்சாண நோயேதான். எல்லாரும் மழைமானியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்பதை. பூஞ்சாணத்தின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய ஈரம் போதும், அது மழையா பனியா என்று அதற்குக் கவலையில்லை. குளிர்ந்த இரவில் தொடர்ந்து ஆறேழு மணி நேரம் ஈரம் நின்றால் தாராளம். நுழைந்த பிறகு பொடி வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆக, இன்று நீங்கள் பார்ப்பது போன பதினைந்து நாள் வானிலையை. அந்தத் திட்டைச் சுற்றிப் பச்சையாக நிற்கும் பயிரை நம்பாதீர்கள், அதற்குள்ளும் நோய் இருக்கலாம்.

பதில் 3:
வெயில் ஏறினால் தானாக அடங்கிவிடாதா? எதற்கு மருந்துச் செலவு?

பதில் 2:
மஞ்சள் துருவுக்குப் பிடித்தது 10–15 டிகிரி. 25-ஐத் தாண்டினால் சுணங்கும், உண்மைதான். ஆனால் 2000-க்குப் பிறகு பரவிய இந்தப் பூஞ்சாணத்தின் சில இனங்கள் சூட்டையும் ஓரளவு தாங்குகின்றன. தவிர, 20 டிகிரியை ஒட்டி இலைத்துருவுக்கு யோகம், இன்னும் சூடானால் தண்டுத்துருவுக்கு. சாம்பல் நோய்க்கோ இலையில் நீரே வேண்டாம், காற்றில் ஈரப்பதம் போதும். எனவே வெயிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டேன். நோய் தாங்கும் இரகமாக இருந்தால் மட்டும் பொறுத்துப் பார்ப்பேன். இல்லாவிட்டால் கண்ணாடி இலைக்கு, அதாவது கதிருக்கு நேர் கீழே வரும் கடைசி இலைக்கு, நோய் ஏறும் முன்பே பூஞ்சாணக்கொல்லி. மணி பிடிப்பதில் பெரும்பங்கு அந்த இலையுடையது.

கேட்டவர்:
இரகம் நோய் தாங்காதது. தெளிப்பு நீர் சாயங்காலம் ஓடுகிறது, அதனால் கூடுமா?

பதில் 2:
கூடும். பனி காய்கிற நேரத்துக்கு, காலையில் மாற்றுங்கள். பூக்கும்போது மேலிருந்து தண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்தச் சில நாள் கதிர் வெதுவெதுப்பாக நனைந்து நின்றால் கதிர்க் கருகல் வரும், அது மணியில் நஞ்சையும் சேர்த்துவிடும்.