ரூஸ்வெல்ட் பெருமந்தத்தைத் தீர்த்தாரா, இழுத்தடித்தாரா?

தராசு:
பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1933-இல் ரூஸ்வெல்ட் அதிபரானபோது அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 1938-இலும் வேலையின்மை 19 விழுக்காடு. ஐந்து வருடம், அத்தனை திட்டம், அப்புறமும் இதுதான் நிலைமை. கடைசியில் வேலை கொடுத்தது போர். ரூஸ்வெல்ட் செய்ததெல்லாம் தொழில் நடத்துகிறவன் கையைக் கட்டியதுதான். புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்களைப் பாருங்கள். வாங்க வருகிற கடைக்காரர் கூண்டிலிருந்து கோழியைப் பொறுக்கி எடுக்கக் கூடாது, முதலில் கைக்கு வந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று அரசு விதி போட்டது! மீறியதற்கு வழக்கு. 1935-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த விதிக்கு அடிப்படையான தொழில் மீட்புச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள்.

பழங்கணக்கு:
கோழிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் சார். நோய்க்கோழி விற்றது, சம்பள விதியையும் வேலைநேர விதியையும் மீறியது என்று அதே வழக்கில் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. கோழிப் பொறுக்கல் விதி கிறுக்குத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1938-க்கு ஒரே தாவாகத் தாவினால் எப்படி? 1937-க்குள் வேலையின்மை 25-லிருந்து 14-க்கு இறங்கியிருந்தது. அந்தக் கணக்கில்கூட டபிள்யூ.பி.ஏ. என்ற அரசு வேலைத் திட்டத்தில் சாலை போட்டும் பள்ளிக்கூடம் கட்டியும் கூலி வாங்கியவர்களை வேலையில்லாதவர்களாகத்தான் எண்ணினார்கள். பிறகு செலவை வெட்டினார்கள், சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கத் தொடங்கினார்கள், வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பை மைய வங்கியான பெடரல் ரிசர்வ் இரட்டிப்பாக்கியது. பாதியில் மருந்தை நிறுத்தினால் காய்ச்சல் திரும்பாதா?

தராசு:
நிறுத்தியதும் அதே வைத்தியர்தானே! ஏதாவது பலித்தது என்றால் டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டியிருந்த பிடியிலிருந்து அதை விடுவித்ததுதான். அவுன்ஸ் 20.67 டாலராக இருந்த தங்கம் 1934 தொடக்கத்தில் 35 ஆனது, பணம் புழங்கியது. அதற்குத் தொழில் மீட்புச் சட்டத்தை ஏற்ற கடைகள் மாட்டிய நீலக் கழுகுச் சின்னமும் வேண்டாம், கோழி விதியும் வேண்டாம்.

பழங்கணக்கு:
சரி, விடுவித்தது யார்? முந்தைய அதிபர் ஹூவர் கடைசிவரை தங்கத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். நாடு படுத்துக்கிடந்த 1932-இல் உச்சபட்ச வருமான வரியை 25-லிருந்து 63 விழுக்காட்டுக்கு ஏற்றிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

கரிசல்:
இரண்டு பேரும் நகரத்துக் கணக்கையே பேசுகிறீர்கள். 1933-இல் விலையை ஏற்றுவதற்காக, வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் 1 கோடி ஏக்கரை உழுது மடக்கினார்கள். நஷ்டஈட்டுக் காசோலை போனது நிலச்சொந்தக்காரருக்கு. வாரத்துக்குப் பயிரிட்டவருக்குப் பங்கு தர வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது, கைக்கு வந்தது கொஞ்சம். பயிர்ப்பரப்பு சுருங்கியதும் ஆளே தேவையில்லை என்று பல குடும்பங்களைக் குடிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதனால்தான் 1934-இல் ஆர்கன்சாவின் டைரன்சா ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள், அந்தக் காலத்துத் தெற்கில்! 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் பண்ணையாட்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள்.

தராசு:
இதையே நான் சொல்லியிருந்தால் பழங்கணக்கு சார் சண்டைக்கு வந்திருப்பார்.

பழங்கணக்கு:
வந்திருப்பேன். கரிசல் அண்ணனுக்கு என்னிடம் பதில் இல்லை. தெற்கத்தி செனட்டர்களின் ஓட்டு தேவைப்பட்டது என்பது காரணம்தான், நியாயம் இல்லை. வங்கி விஷயத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். 1930-லிருந்து 1933-க்குள் சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. வைப்புத்தொகைக் காப்பீடு வந்த 1934-இல் மூழ்கிய காப்பீட்டு வங்கிகள் 9.