முந்தைய பக்கத்துக்குத் திரும்பி வரும்போது மட்டும் திரை மெதுவாக மாறுகிறது, உதவுங்கள் (அவசரம்)

செம்பனைக்காடு: வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு, மண்டோர்கள் (வேலையை மேற்பார்ப்பவர்கள்) பழக்குலைக் கணக்கு பதியும் ஆப் செய்கிறேன். திரை மாறும் நேரத்தை 150 மில்லிசெகண்ட் என்று வைத்தும் திரும்பி வரும்போது பழைய வேகம்தான். திங்கட்கிழமை கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) காட்ட வேண்டும்.

பால்மரம்: எதில் எழுதுகிறீர்கள்? ஃபிளட்டரா, கோட்லினா? அந்த 150ஐ எங்கே வைத்தீர்கள்?

மழைக்காலம்: டீபக் பில்டாக (பிழை தேடுவதற்கான பதிப்பு) இருக்கும். அதில் திக்கித் திக்கித்தான் ஓடும். வேகத்தை அளக்கும் புரொஃபைல் மோடில் பாருங்கள்.

கம்போங்வாசி: போனின் டெவலப்பர் ஆப்ஷனில் டிரான்சிஷன் அனிமேஷன் ஸ்கேலை (திரை மாறும் அசைவு எத்தனை மடங்கு நீளும் என்ற அளவு) யாரோ கூட்டியிருப்பார்கள். நான் பார்த்தவரை எப்போதும் அதுதான்.

மூத்தகை: அது ஆண்ட்ராய்டின் சொந்த அனிமேஷனுக்கு. ஃபிளட்டர் அந்த அளவைப் பெருக்கிக்கொள்ளாது, 0 ஆக்கினால் மட்டும் கவனிக்கும். ஆவணத்தைப் படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இதை இங்கே எத்தனை பேருக்குச் சொல்வது?

செம்பனைக்காடு: ஃபிளட்டர், ஆண்ட்ராய்டு. பேஜ்ரூட்பில்டரில் (திரை எப்படி மாற வேண்டும் என்று எழுதும் இடம்) டிரான்சிஷன்டியூரேஷன் 150.

பால்மரம்: சரி, பிடிபட்டது. பேஜ்ரூட்பில்டரில் போகும் நேரமும் திரும்பும் நேரமும் தனித்தனி. எதுவும் எழுதாவிட்டால் இரண்டும் 300 மில்லிசெகண்ட். நீங்கள் முதலாவதை மட்டும் குறைத்திருக்கிறீர்கள். ரிவர்ஸ்டிரான்சிஷன்டியூரேஷனையும் 150 ஆக்குங்கள்.

கம்போங்வாசி: அனிமேஷனே எதற்கு? இரண்டையும் 0 ஆக்குங்கள். வேலை நடக்கிற இடத்தில் அலங்காரம் வேண்டாம்.

நிரைக்காரி: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பா மண்டோர். ஒரு நிரைக்கும் (மர வரிசை) அடுத்த நிரைக்கும் திரையில் எண் மட்டும்தான் வேறு. வெயிலில் திரையே மங்கல். சட்டென்று மாறினால் மாறியதே தெரியாமல் மறுபடி அழுத்துவார், கணக்கு இரட்டிக்கும். அப்புறம் சம்பளத்தில்தான் தகராறு. திரை நகர்வதைக் கண் பார்க்க வேண்டும்.

கம்போங்வாசி: இரட்டைப் பதிவைத் தடுப்பது கோடின் வேலை, அனிமேஷனின் வேலை இல்லை.

நிரைக்காரி: தடுக்கலாம். ஆனால் பதிந்ததா இல்லையா என்று அவர் நின்று யோசிப்பாரே, அதை எந்தக் கோடு தடுக்கும்?

மூத்தகை: ஆண்ட்ராய்டே குறுகிய அனிமேஷனுக்கு 200 வைத்திருக்கிறது. யோசித்து வைத்த எண் அது. அதற்குக் கீழே போக ஒரு காரணம் வேண்டும்.

செம்பனைக்காடு: ரிவர்ஸ் மாற்றினேன், சரியாகிவிட்டது. நன்றி அண்ணே.

நிரைக்காரி: 150ஐ அப்படியே விடுகிறீர்களா? கிராணியிடம் காட்டுவதற்கு முன் ஒரு மண்டோர் கையில் வெயிலில் கொடுத்துப் பாருங்கள்.