கன்றுகளுக்கு இலைவழி நுண்ணூட்டம்: அடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புளியங்குடி, எலுமிச்சை:
இரண்டு வருடமாகியும் மனது ஆறவில்லை. ஒன்றரை வயசு எலுமிச்சைக் கன்று 60. கொழுந்து இலையெல்லாம் சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு) போட்டேன். ஆள் வர நேரமாகி, அடிக்கும்போது பதினொன்றரை மணி, சித்திரை வெயில். மறுநாள் போய்ப் பார்த்தால் துளிர் நுனியில் சொட்டு தொங்கிய இடமெல்லாம் தீய்ந்து கிடக்கிறது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இன்னும் அது விரலிலேயே இருக்கிறது.

ஆயக்குடி, கொய்யா:
அண்ணாச்சி, வெயிலை மட்டும் சொல்லாதீர்கள். சுண்ணாம்பு சேர்த்தீர்களா? ஜிங்க் கரைசல் புளிப்பு, வெறுமனே அடித்தால் இளந்துளிர் தாங்காது. எனக்கும் ஒரு தடவை கொய்யாக் கன்றில் கருகியது, அதில் படித்ததுதான். 50 கிராமுக்கு 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. முதல் நாள் இரவே தனி வாளியில் ஊறப் போட்டு, மேலே தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். சோப்புக் கரைசல் கொஞ்சம். டிஏபி உரக் கரைசலோடு மட்டும் கலக்காதீர்கள், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஜிங்க்கைப் பிடித்து அடியில் வண்டலாக்கிவிடும். அப்புறம், முற்றிய இலைக்கு அடித்துப் பயனில்லை. துளிர் விரிந்து பாதி வளர்ந்திருக்கும்போது, இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். முதலில் இரண்டு கன்றில் அடித்து மூன்று நாள் பாருங்கள்.

சுக்கான் மண், சாத்துக்குடி:
சுண்ணாம்பு சரிதான். ஆனால் அண்ணாச்சி பார்த்தது ஜிங்க் குறைதானா? இலை சிறுத்ததால் ஜிங்க் என்றே நினைக்கிறேன். இலை அளவு சரியாக இருந்து, மெல்லிய நரம்பு வலை மட்டும் பச்சை என்றால் இரும்புக் குறை. எங்களுக்கு அப்படித்தான். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வேரில் போட்டுப் போட்டு ஓய்ந்தோம். சுக்கான் மண்ணில் உள்ள சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சரி, இலையில் அடிப்போம் என்று போர் தண்ணீரில் கலக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளி துருநிறமாகிவிட்டது. அவ்வளவையும் கொட்டினேன்.

அடுத்த தடவை பிடித்துவைத்த மழைத்தண்ணீர், 10 லிட்டருக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தோம். ஒரு வாரம் கழித்து என் மகள்தான் கூப்பிட்டுக் காட்டினாள். மஞ்சள் இலையில் துளி பட்ட இடம் மட்டும் பச்சைப் புள்ளி புள்ளியாக இருந்தது, படாத இடம் மஞ்சளாகவே. இரும்பு அங்கிருந்து நகராது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து மெல்லிய தூவல் நாசில்தான், புதுத் துளிர் வரும்போதெல்லாம் மறுபடி.