இன்டர்கூலர்: இடைக்குளிர்விப்பான் வேண்டாம், வளியாற்றி என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

> டர்போ காரில் முதலில் எதை மேம்படுத்துவது என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். இன்டர்கூலருக்கு ‘இடைக்குளிர்விப்பான்’ என்று போட்டுவிடவா?

போடாதீர்கள் ஐயா. அந்தச் சொல் வேறொன்றுக்குப் பொருத்தமானது. காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் தொழிற்சாலைக் கம்ப்ரசரில், இரு கட்டங்களுக்கும் நடுவில் சூட்டைத் தணிக்கிற பாகம்தான் முதலில் இன்டர்கூலர். அங்கே ‘இடை’ சரி. கடைசிக் கட்டத்தைத் தாண்டி வருவது ஆஃப்டர்கூலர். காரில் டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, இன்ஜினுக்குள் போகும் காற்றை அழுத்தும் கம்ப்ரசர்; அழுத்தும்போது சூடேறும் அந்தக் காற்றின் சூட்டைத் தணிப்பதுதான் இன்டர்கூலர். நம் கார்களில் பெரும்பாலும் ஒரே டர்போ, ஒரே கட்டம். அந்தக் கணக்குப்படி காரில் இருப்பதே ஆஃப்டர்கூலர்தான். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இடத்தை வைத்துப் பெயரிட்டால் வாசகருக்கு என்ன கிடைக்கும்? பல கார்களில் அது முன் பம்பருக்குப் பின்னால் நிற்கிறது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் இன்ஜினின் தலைமேலேயே படுத்திருக்கிறது; பானட்டில் இருக்கும் அந்த மூக்கு அதற்குக் காற்று கொடுக்கத்தான். ஃபோக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ இன்ஜின்கள் பலவற்றில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு தண்ணீரால் சூடு தணிகிறது.

எனக்கு ‘இடை’யைவிடப் பெரிய உறுத்தல் ‘குளிர்விப்பான்’தான். ஃபிரிட்ஜ் குளிர்விக்கிறது, ஏசி குளிர்விக்கிறது. இரண்டும் வெளிச்சூட்டுக்குக் கீழே கொண்டுபோகும். இன்டர்கூலரால் அது முடியாது. வெளியே 40 டிகிரி என்றால், எவ்வளவு பெரிய இன்டர்கூலர் மாட்டினாலும் காற்று 40-க்குக் கீழே இறங்காது. கொதிக்கிற காப்பியை டபராவுக்கும் டம்ளருக்குமாக மாற்றி மாற்றி ஊற்றுகிறோமே, அதேதான். அதற்கு நாம் குளிர்விப்பது என்றா சொல்கிறோம்? ஆற்றுகிறோம். சூட்டைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துத் தணிப்பதற்கென்றே ஒரு வினைச்சொல் நம் அடுப்படியில் இருக்கும்போது வேறெங்கே தேடுவது?

ஆகவே என் பரிந்துரை: வளியாற்றி.

இந்த வேறுபாடு உங்கள் கட்டுரைக்கே தேவைப்படும். 40 டிகிரிக் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்று ஏறக்குறைய 138 டிகிரியில் வெளியே வரும். அதை 60 டிகிரிக்கு ஆற்றினால், அதே அழுத்தத்தில் அதே இடத்துக்குள் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று அடங்கும். ஆற்றாமல் விட்டால் காற்று குறைவது மட்டுமில்லை. பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும், அதைத் தடுக்க இன்ஜினின் கணினியான இசியூ ஸ்பார்க்கைத் தாமதிக்கும், பிக்கப் விழும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பலரும் சொல்கிறபடி என் காருக்கு முதலில் ரீமேப்தான் செய்தேன், அதாவது இசியூவின் மென்பொருளை மாற்றினேன். கொடுத்த காசுக்கு அதில்தான் அதிக பவர், மறுக்கவில்லை. மே மாதம் கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவில் கார் பறந்தது. பாதி மலையில், செகண்ட் கியரில் முழுசாக மிதித்தும் இழுவை இல்லை. இசியூவின் அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை மொபைலில் பார்த்தால் 80-ஐத் தாண்டியிருந்தது. ஏற்றத்தில் மெதுவான வேகம், முன்னால் இருந்து காற்று வரத்து இல்லை. டர்போ கொடுக்கும் அழுத்தமான பூஸ்டை ரீமேப் கூட்டியதால் சூடும் கூடியது, அதை ஆற்ற அந்தச் சின்ன வளியாற்றிக்குத் தெம்பில்லை.

அதனால் நம் வெயிலுக்கு என் வரிசை இது: முதலில் ஸ்பார்க் பிளக்கும் ஹோஸ் கசிவும் பார்த்துவிட வேண்டும், அப்புறம் வளியாற்றி, அதற்குப் பிறகே ரீமேப். டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பெல்லாம் கடைசி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள்: வளியாற்றியை மட்டும் மாற்றினால் பவர் பெரிதாக ஏறாது. இருக்கிற பவர் பத்தாவது வளைவிலும் அறுபதாவது வளைவிலும் ஒரே மாதிரி கிடைக்கும்.

‘காற்றாற்றி’ என்று வைத்தால் எளிமையாக இருக்குமே என்று முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் காற்றாற்றல் என்று கண் படித்துவிடுகிறது. அது காற்றாலை மின்சாரத்துக்குப் போய்விட்ட சொல். வளி என்றால் அந்தக் குழப்பம் இல்லை, வளிமண்டலம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ‘வழியாற்றி’ என்று சிலர் உச்சரிப்பார்கள்தான். சொல்லை எங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “ஆத்துறதுன்னா, டீ ஆத்துற மாதிரியாண்ணே?” என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கட்டுரையில் முதல் தடவை ‘இன்டர்கூலர் என்கிற வளியாற்றி’ என்று எழுதிவிட்டு, பிறகு வளியாற்றி என்றே தொடரலாம். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.